கேட்பதற்கு ஓர் ஆள்

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை சிங்கப்பூர் ரயிலில் நடந்ததை இதுவரை நான்கு பேரிடம் சொல்லிவிட்டேன். நால்வரும் அந்த இளைஞரை “நல்ல மனுஷன்” என்று பாராட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள். அவர் நல்ல மனிதர்தான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் என்னைப் பார்த்துக் கேட்ட ஒற்றைச் சொல் கேள்வி ஒன்று இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும்போதும், சில இரவுகளில் விளக்கை அணைத்துப் படுத்த பிறகும் அது திரும்பத் திரும்ப வருகிறது. எழுதிப் பார்த்தாலாவது தெளியுமா என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாவுக்கு 76 வயது. வலது முழங்கால் மூட்டை மாற்றி அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஊட்ரம் பார்க் பக்கம் மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது மாலை மணி ஆறு. டாக்சியில் போகலாம் என்றேன். அந்த நேரத்துக் கட்டணம் என்னவென்று அம்மாவுக்குத் தெரியும் என்பதால், பதில் சொல்லாமல் நிலையத்தின் மின்தூக்கியை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார். வடகிழக்குப் பாதையில் அங்கிருந்து ஹவ்காங் 11ஆவது நிறுத்தம். நன்றாக இருக்கும் கால்களுக்கு அது ஒரு தொலைவே இல்லை. கைத்தடி எடுத்துவரச் சொன்னால் அம்மா கேட்கமாட்டார். தடி பிடித்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பார். தலைக்குச் சாயம் பூசி, தேய்த்த பஞ்சாபி உடை உடுத்தி, முதுகு வளையாமல் நிற்கும் அவரைப் பார்க்கிறவர்கள் அறுபது வயதுகூட மதிக்கமாட்டார்கள்.

ரயிலில் உட்கார இடமில்லை. வரிசையின் ஓரத்தில் முதியோர், உடல்நலம் குன்றியோர் போன்றோருக்கென்று ஒதுக்கப்பட்ட இருக்கைகளில் ஒன்றில் ஒரு சீனப் பெரியவர் இருந்தார். எதிர்ப்புறத்து ஓர இருக்கையில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையன், காதுகளில் காதொலிப்பான்களைச் செருகி, மடியில் பையை அணைத்துக்கொண்டு, கண்களை மூடியிருந்தான். தோபி காட்டில் மூன்று பாதைகள் சந்திக்கின்றன; அங்கே கதவு திறந்ததும் கூட்டம் அலைபோல் உள்ளே வந்தது. நான் என்ன செய்தேன் என்பதை ஒன்றுவிடாமல் சொல்லவேண்டும். அம்மாவின் முழங்கையைப் பிடித்து மெல்ல நகர்த்தி, அந்தப் பையனுக்கு நேர் எதிரே நிற்கவைத்தேன். அவன் தலைக்கு மேல் ஒட்டியிருந்த, இருக்கையை விட்டுக்கொடுக்கச் சொல்லும் படத்தைப் பார்த்தேன். பிறகு அவனைப் பார்த்தேன். பிறகு மறுபடியும் படத்தைப் பார்த்தேன். ஒரு முறை தொண்டையைச் செருமினேன். “கால் வலிக்குதாம்மா?” என்று, அம்மாவுக்குக் கேட்க வேண்டியதைவிடச் சற்று உரக்கக் கேட்டேன். “வேணாம்மா, நான் நின்னுக்குறேன்,” என்றார் அம்மா, நான் கேட்காத வேறொரு கேள்விக்குப் பதிலாக. இத்தனைக்கும் நடுவே, “உங்கள் இருக்கையைத் தர முடியுமா?” என்பதை எந்த மொழியிலும் நான் சொல்லவில்லை.

லிட்டில் இந்தியாவில் ஒரு தமிழ் இளைஞர் ஏறினார். கட்டுமானத் தளத்திலிருந்து நேராக வருகிறார் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. காலணிகளில் சிமெண்டு காய்ந்து வெளுத்திருந்தது. முதுகுப் பையின் வாரில் மஞ்சள் தலைக்கவசம் தொங்கியது. கதவோரத்து மூலையில், கூடுமானவரை தன்னைச் சுருக்கிக்கொண்டு நின்றார். ஃபேரர் பார்க் நிலையத்திற்குச் சற்று முன்பு ரயில் வேகத்தைக் குறைத்தபோது அம்மாவின் கை கம்பியிலிருந்து நழுவியது. விழவில்லை, என் தோளில் சாய்ந்து நிமிர்ந்துகொண்டார். அந்த இளைஞர் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அக்கா, அம்மா நிக்க முடியாம நிக்கிறாங்களே… கேக்கலையா?”

“பரவாயில்ல, ஹவ்காங்தான்,” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் குனிந்து, அந்தப் பையனின் தோளில் இரண்டு விரல்களால் லேசாகத் தட்டினார். “பிரதர், சாரி. அம்மா, லெக் பெயின். சீட், பிளீஸ்.” பையன் திடுக்கிட்டுக் கண்விழித்தான், அம்மாவைப் பார்த்தான், காதிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தான். “சாரி ஆன்ட்டி, சாரி, ஐ டிடன்ட் ஸீ,” என்றவனின் முகமெல்லாம் சிவந்துவிட்டது. அம்மா உட்காரும்வரை அவருடைய முழங்கையை அவனே தாங்கிப் பிடித்திருந்தான். எல்லாம் பத்து விநாடிகூட ஆகியிருக்காது. அந்தப் பத்து விநாடி வேலையைச் செய்யாமல் நான் நான்கு நிறுத்தங்களுக்கு மேல் அம்மாவை நிற்கவைத்திருந்தேன்.

படங்கள் பேசும் ஊர்

நம் ஊர் ரயில்களிலும் பேருந்துகளிலும் எழுத்துக்கும் படத்துக்கும் குறைவில்லை. உண்ணக்கூடாது, குடிக்கக்கூடாது, மீறினால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், டுரியான் கொண்டுவரக்கூடாது. இருக்கையை விட்டுக்கொடுக்கும் ஸ்டேசி, உள்ளே நகர்ந்து நிற்கும் மார்ட்டின், பையைக் கீழே இறக்கிவைக்கும் பென்னி, சத்தம் குறைவாகப் பேசும் ஹன்னா, வழிவிடும் கிளெண்டா என்று நிலப் போக்குவரத்து ஆணையம் உருவாக்கிய கேலிச்சித்திரப் பாத்திரங்களை நம் பிள்ளைகள் பள்ளி நண்பர்களைப் போல அறிவார்கள். என் தலைமுறைக்குச் சிங்கா என்ற சிங்கம். அன்றைய பிரதமர் லீ குவான் இயூ 1979இல் தொடங்கிவைத்த தேசியப் பண்புநெறி இயக்கத்திற்கு 1982இல் அது சின்னமாக வந்தது. 2013இல் அந்தச் சிங்கமே சலித்துப்போய் வேலையிலிருந்து விலகுவதாக ஒரு கடிதம் வெளியிடப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும்.

இவற்றை நான் குறை சொல்லவில்லை. அபராதத்தால் தீரக்கூடியவை உண்மையிலேயே தீர்ந்துவிட்டன. ரயிலில் சாப்பிடுகிறவரைப் பார்ப்பது எனக்கு மிக அரிது. ஆனால் இருக்கையைத் தருவது அபராதத்திற்குள் அடங்காது. அது ஒருவர் பார்த்து, இன்னொருவர் சொல்லி, மூன்றாமவர் எழுந்திருக்க வேண்டிய காரியம். இங்கேதான் படங்கள் ஒரு தீங்கையும் செய்துவிடுகின்றன என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது. இருக்கைக்கு மேலே இவ்வளவு பெரிதாக எழுதி ஒட்டியிருக்கும்போது, அங்கே உட்கார்ந்திருப்பவர் அதை அறிந்தே எழாமல் இருக்கிறார் என்று முடிவுகட்டிவிடுகிறோம். அந்தப் பையனை நான் அப்படித்தான் முடிவுகட்டினேன். தோபி காட்டுக்கும் லிட்டில் இந்தியாவுக்கும் இடையில், வாயே திறக்காமல், அவனுடைய வளர்ப்பையும் பெற்றோரையும் அவனுடைய தலைமுறை முழுவதையும் மனத்துக்குள் விசாரித்துத் தீர்ப்பும் எழுதிவிட்டேன். அவனோ வெறுமனே தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பியதும் எழுந்தான்.

நாம் கேட்பதில்லை, படம் பிடிக்கிறோம். கட்டாய ராணுவச் சேவை செய்யும் தேசிய சேவையாளர்கள் சீருடையோடு ஒதுக்கப்பட்ட இருக்கையில் அமர்ந்திருந்ததைக் கைப்பேசியில் பிடித்து இணையத்தில் போட்டு ஊரே கரித்துக்கொட்டிய காலம் ஒன்று இருந்தது. பயிற்சி முடித்துவிட்டு வரும் பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் “தம்பி, கொஞ்சம் எழுந்திருக்கிறாயா” என்று கேட்பதைவிட, அவன் முகத்தை ஊருக்குக் காட்டுவது எப்படி எளிதானது என்று அப்போது வியந்தேன். இப்போது எனக்கு அது வியப்பாக இல்லை. படம் பிடிப்பவர் யாரிடமும் எதையும் கேட்கவேண்டியதில்லை, மறுப்பைக் கேட்கவேண்டியதுமில்லை. அதன் விளைவையும் தினமும் பார்க்கிறேன். நெருக்கியடிக்கும் கூட்டத்தில்கூட ஒதுக்கப்பட்ட இருக்கை காலியாகவே இருக்கிறது. இளையவர்கள் அதன் பக்கத்தில் நின்றபடி வருகிறார்கள். உட்கார்ந்தால் யாராவது பார்ப்பார்களோ என்ற அச்சம்.

வெளியே தெரியாத உடல்நலக் குறையுள்ளவர்கள் அணிந்துகொள்ள, உட்கார இடம் தரும்படி கேட்கும் ஒட்டுவில்லை ஒன்றை நிலையங்களின் பயணிகள் சேவை நிலையத்தில் தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. வலிப்பு நோயோ முதுகுத்தண்டுக் கோளாறோ உள்ள ஒருவர் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவருக்கும் தம் நோயை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அறுவைசிகிச்சை முடிந்த வாரமே அம்மாவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அது அம்மாவின் கைப்பையில், பழைய மருந்துச் சீட்டுகளுக்கு நடுவே இன்றும் புத்தம் புதிதாக இருக்கிறது. நெஞ்சில் ஒட்டிக்கொள்ளச் சொன்னபோது அம்மா சொன்னது: “வாயிருக்கையில நெத்தியில எழுதி ஒட்டிக்கிறதா?” ஆனால் அந்த வாயை அவரும் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

நடத்துநர் இருந்த காலம்

ஏன் திறக்கவில்லை என்று என்னை நானே பலமுறை கேட்டுக்கொண்டேன். மறுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் ஒன்று. அவனுக்கே ஏதாவது நோய் இருந்தால் என்ற தயக்கம் ஒன்று. சீனப் பையனிடம் ஓர் இந்தியப் பெண் எழுந்திருக்கச் சொல்வது வேறுவிதமாகப் பார்க்கப்படுமோ என்ற எண்ணமும் இருந்தது; இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது என்று அம்மாவோடு பேசியபோதுதான் தெரிந்தது.

அம்மா செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர். பல பேருந்து நிறுவனங்கள் ஒன்றாகி 1973இல் ஒரே நிறுவனம் ஆனபோது, தினமும் பேருந்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அன்றைய பேருந்தில் மின்விசிறிகூடக் கிடையாது. ஆனால் நடத்துநர் இருந்தார். பயணச்சீட்டில் துளையிடும் கருவியால் கம்பியில் டக்டக்கென்று தட்டிக்கொண்டே “மாசோக், மாசோக்” என்று கூட்டத்தை உள்ளே தள்ளுவாராம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் ஏறினால், அவர் யாரையும் கேட்கவேண்டியதில்லை. நடத்துநரே நெருங்கிப் போய், உட்கார்ந்திருக்கும் ஒருவரின் தோளுக்கு அருகே கருவியைத் தட்டுவார். அவர் எழுந்துகொள்வார். அந்த நடத்துநர் சீனராக இருக்கலாம், மலாய்க்காரராக இருக்கலாம், தமிழராக இருக்கலாம்; எழுந்தவருக்கு அது அவமானமும் இல்லை, உட்கார்ந்தவருக்கு அது கடனும் இல்லை. “கேக்குறது அவன் வேலை,” என்றார் அம்மா.

இந்த வாக்கியத்தில்தான் நான் நின்றுபோனேன். எனக்காகக் கேட்பதைத் தம் வேலையாகக் கொண்டிருந்த ஒருவர் இருந்தார். பிறகு பேருந்துகளில் நடத்துநர் இல்லாமல் போனார். ஓட்டுநர் மட்டும் எஞ்சினார். அவரால் சாலையையும் பார்த்து, பின்னால் யார் நிற்கிறார்கள் என்றும் பார்க்க முடியாது. நாங்கள் அன்று போன வடகிழக்குப் பாதையில் 2003 ஜூன் 20ஆம் தேதி தொடக்கத்திலிருந்தே ஓட்டுநரும் இல்லை. அதன் பின் வந்த வட்டப் பாதை, டௌன்டௌன் பாதை, தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் பாதை எல்லாமே அப்படித்தான். முதல் பெட்டிக்குப் போனால் சுரங்கத்தைக் கண்ணாடி வழியாக நேராகப் பார்க்கலாம். குழந்தைகளுக்கு அது கொண்டாட்டம். இவற்றால் கிடைத்த வசதியை நான் மறுக்கவில்லை. ஆயினும், ஆறு பெட்டி நீளத்துக்கு மனிதர்கள் நிறைந்திருக்கும் இடத்தில், மற்றவர்களைப் பார்த்துப் பேசும் பொறுப்புள்ளவர் ஒருவர்கூட இல்லை. பதிவுசெய்யப்பட்ட குரல் நான்கு மொழிகளிலும் பேசுகிறது. அதற்கு அம்மாவின் முழங்கால் தெரியாது. நடத்துநர் போனபோது அவருடைய வேலையில் சீட்டுக் கொடுப்பதை இயந்திரம் எடுத்துக்கொண்டது. கேட்பதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அது நம் எல்லாருக்கும் பொதுவாக விடப்பட்டதால், நம்மில் ஒருவரும் அதைத் தொடவில்லை.

அந்த இளைஞர் தொட்டார். பட்டுக்கோட்டைப் பக்கம் என்று பிறகு சொன்னார். தமிழ்நாட்டுப் பேருந்துகளில் நடத்துநர் இன்னும் இருக்கிறார். இருக்கைக்கு மேல் “மகளிர்” என்று எழுதியிருந்தாலும், அதை வாயால் சொல்லி எழுப்ப ஓர் ஆள் இருக்கிறார். அங்கேயும் சண்டை உண்டு, வசவு உண்டு, முண்டியடித்துத் துண்டு போட்டு இடம்பிடிப்பதும் உண்டு. அதைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் “கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்பதை அங்கே யாரும் ஒரு துணிச்சலான செயலாக நினைப்பதில்லை. அவர் என்னிடம் “கேக்கலையா?” என்றபோது அதில் குற்றச்சாட்டே இல்லை. குடை இருந்தும் மழையில் நனைகிறவரைப் பார்த்து, “விரிக்கலையா?” என்று கேட்பதைப் போல, உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

தலைக்கவசம் தொங்கிய பை

அம்மா உட்கார்ந்ததும் செய்த முதல் காரியம், இரண்டு கைகளையும் அந்த இளைஞரை நோக்கி நீட்டியது. “பையைக் குடுங்க தம்பி.” நிற்பவரின் சுமையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கிக்கொள்வது அம்மாவுக்கு மூச்சுவிடுவதைப் போன்றது. நான் சிறுமியாக இருந்தபோது, முன்பின் தெரியாத பள்ளிப்பிள்ளைகளின் புத்தகப் பைகள் அம்மாவின் மடியில் அடுக்கிக் கிடக்கும். நான் அதை எப்போது மறந்தேன் என்று தெரியவில்லை.

“வேணாம்மா, ஒரே தூசி.”

“தூசின்னா தொவச்சாப் போச்சு. குடுங்க.”

அவர் தயங்கித் தயங்கிக் கழற்றிக் கொடுத்தார். அம்மாவின் வெளிர்நீல உடையில் பையின் அடிப்பாகம் பதிந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. தலைக்கவசம் ஆடாமல் இருக்க அம்மா அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். அதன் உட்பட்டையில் வியர்வை காய்ந்து உப்பாகப் பூத்திருந்ததை நான் பார்த்தேன். பூன் கெங், பொத்தோங் பாசிர், உட்லீ என்று நிறுத்தங்கள் போய்க்கொண்டிருக்க, வீட்டில் யார் யார் என்று அம்மா விசாரித்தார். ஒரு தங்கை, கல்லூரியில் படிக்கிறாள், அப்பா இல்லை, பொங்கோலில் இறங்கிப் பேருந்து பிடித்து விடுதிக்குப் போகவேண்டும்.

சிராங்கூனில் பலர் இறங்க, அம்மாவுக்குப் பக்கத்து இருக்கை காலியானது. அம்மா அதைத் தட்டிக் காட்டினார். “இல்லம்மா, சட்டை அழுக்கு. நான் இப்படியே நின்னுக்குறேன்,” என்றார் அவர். அம்மாவுக்காக அறிமுகமில்லாத ஒருவனைத் தொட்டு எழுப்பிய மனிதர், யாருமே இல்லாத இருக்கையில் தமக்காக உட்காரவில்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தேவை இருக்கவில்லை. வேலை முடித்து வரும் ஒரு தொழிலாளி அமர்ந்ததும் பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு பக்கம் போய் நிற்பதை நான் ஒருமுறை இருமுறையல்ல, பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள் எதுவும் சொல்வதில்லை. சொல்லாமலே சொல்லிவிட்டுப் போகிறார்கள். இந்த ஊரின் வீடுகளையும் நிலையங்களையும் கட்டும் கைகள் அவை என்று மேடையில் பேசுகிறோம். அந்தக் கைகள் நம் தோளில் உரசும்போது ஒதுங்குகிறோம். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான். ஒதுங்கிப் போனவரிடமும் நான் எதையும் சொன்னதில்லை.

ஹவ்காங்கில் இறங்கும்போது அம்மா பையை அவரிடம் கொடுத்து, “பாத்துப் போங்க தம்பி,” என்றார். கதவு மூடியது. கண்ணாடிக்கு அப்பால், இரண்டு காலி இருக்கைகளுக்குப் பக்கத்தில், அவர் பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே போனார்.

அதற்குப் பிறகு நான் கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். எளிதாக இல்லை. ஒருமுறை ஒரு சீன முதியவருக்காக ஓர் இளம்பெண்ணைக் கேட்டேன்; அவள் உடனே எழுந்தாள்; முதியவரோ கையை வீசி மறுத்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அவர் கேட்காததை நான் அவருக்காகக் கேட்டது தவறோ என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரிடம் முதலில் கேட்டிருக்கவேண்டும். அந்த இளைஞரும் முதலில் என்னிடம்தான் கேட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது.

சென்ற மாதம் அம்மாவோடு மறுபடியும் அதே பாதையில், அதே நேரத்தில் வந்தோம். ஏறிய உடனே அம்மா முழங்கையால் என்னை இடித்தார். நான் அருகில் உட்கார்ந்திருந்த, அலுவலக உடை அணிந்த ஒருவரைப் பார்த்து, என் அம்மாவுக்கு மூட்டு அறுவைசிகிச்சை நடந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். வாக்கியம் முடியுமுன் அவர் எழுந்துவிட்டார். அம்மா உட்கார்ந்து, உடையைச் சரிசெய்துகொண்டு, அவருடைய தோளில் தொங்கிய கனமான மடிக்கணினிப் பையை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினார். அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். பையை மடியில் வைத்துக்கொள்ளத் தரும்படி கேட்கிறார் என்று விளக்கினேன். “நோ, நோ, இட்ஸ் ஓகே,” என்று சிரித்துக்கொண்டே பையை இன்னும் கொஞ்சம் அணைத்துக்கொண்டார். அம்மா கையை மடக்கவில்லை. கிளார்க் கீ போனது. தோபி காட்டில் கூட்டம் ஏறி அவரை எங்கள் பக்கம் நெருக்கியபோது, அவர் அம்மாவின் கைகளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தோளிலிருந்து பையைக் கழற்றத் தொடங்கினார்.